வலியும் வடவெல்லையும்

சென்னைக்கு வடமேற்கே, அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த மலைக்கோயில் நகரம் திருத்தணி. மலையேறும் படிகள் ஆண்டின் நாள்களுக்கு ஒப்ப 365 என்பர். முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பது மரபு. அருணகிரிநாதரின் திருப்புகழும் கச்சியப்ப முனிவரின் தணிகைப் புராணமும் இவ்வூரைப் பாடின. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இக்குன்றிலே இயற்றினார் என்பது இசையுலகின் வழிவழிச் செய்தி. குடியரசுத் தலைவராய் விளங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு பிறந்ததும் இங்கேதான்.

இத்துணைத் தமிழ்த் தொடர்பு கொண்ட ஊர், 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் 1960ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் வரை, ஆறரை ஆண்டுகள், ஆந்திர மாநிலத்தின் பகுதியாக இருந்தது. அதனை மீட்கும் கிளர்ச்சியை முன்னின்று நடத்தியவர் சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம். அக்கிளர்ச்சியின் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். அதனை நடத்தியவரின் வயிற்றில் ஓயாது இருந்த வலியின் வரலாறு அத்துணை எழுதப்படவில்லை. எனினும், அவ்வலியை அறியாமல் அவர் எடுத்த முடிவுகளின் கனத்தை அறிய இயலாது.

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியைச் சேர்ந்த சால்வன்குப்பத்தில் 1906ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், பொன்னுசாமிக் கிராமணியாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் ம.பொ.சி. வறுமை காரணமாக மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. அன்னையார் சொல்லித்தந்த கதைப்பாடல்களும், அறிஞர்தம் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பெற்ற கேள்விச் செல்வமுமே அவருக்குக் கல்வியாயின. கூலி வேலைகள் பல செய்த பின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலை மேற்கொண்டார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் அத்தொழில், நாள் முழுதும் நின்று செய்ய வேண்டியது. பள்ளியில் விட்டுப்போன தமிழை அவர் அச்சுப்பலகையின் முன் நின்று கற்றார் என்று சொல்வது மிகையாகாது. காங்கிரசு இயக்கத்தில் சேர்ந்து பலமுறை சிறை புகுந்தார். இவையெல்லாம் உழைப்புக்கும் பசிக்கும் பழகிய உடல் ஒன்றை அவருக்குத் தந்திருந்தன. அவ்வுடல் முறிந்தது 1942இல்.

அவ்வாண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் பம்பாயில் கூடிய காங்கிரசு, ஆங்கிலேயர் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தலைவர்கள் அடுத்தடுத்துக் கைது செய்யப்பட்டனர். ஆகஸ்டு 13ஆம் நாள் ம.பொ.சி. கைதாகி வேலூர்ச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். சில நாள்களில் அங்கிருந்து, இன்றைய மராட்டிய மாநிலத்தில் உள்ள அமராவதிச் சிறைக்கு மாற்றப்பட்டார். கடலோர நகரின் காற்றில் வளர்ந்தவருக்கு அந்த உள்நாட்டு வெயில் புதிது. சிறைக் கொட்டடியின் கூரையோ துத்தநாகத் தகடு. கோடையில் வெப்பம் 120 பாகையைத் தொடும். பழகாத உணவும் தகிக்கும் கூரையும் சேர்ந்து அவர் வயிற்றைப் புண்ணாக்கின. நோய் முற்றி உடல் நலிந்த நிலையில் அவர் மீண்டும் தமிழகச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 1944இல் விடுதலை பெற்றபோது, சிறையிலிருந்து அவரோடு வெளியே வந்த அவ்வலி பின்னர் அவரை விட்டு நீங்கவே இல்லை.

இதனைச் சிறு துன்பம் என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது. அதே அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் தீரர் சத்தியமூர்த்தியும் ஒருவர். பயணத்தின்போது அவருக்கு முதுகுத்தண்டில் காயம் ஏற்பட்டது. அக்காயத்திலிருந்து அவர் மீளவில்லை. 1943ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை 55. ஆங்கில ஆட்சியை மன்றத்தில் நின்று கலக்கிய பேராற்றல் ஒரு பயணக் காயத்தில் அடங்கிப்போயிற்று. அமராவதியிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவருக்கு, உடல் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

வயிற்றுப்புண்ணுக்கு அக்காலத்தில் உறுதியான மருந்து இல்லை. குறிப்பிட்ட ஒருவகை நுண்ணுயிரியே பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்குக் காரணம் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்சலும் ராபின் வாரனும் 1980களின் தொடக்கத்தில்தான் கண்டறிந்தனர். அதற்காக அவர்களுக்கு 2005இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய மருத்துவம் சொன்னது வேறு: காரமும் புளியும் கூடாது, பாலும் மோரும் போன்ற மென்மையான உணவைச் சிறிது சிறிதாக, நேரம் தவறாமல் உண்ண வேண்டும், கவலை ஆகாது, கண்விழித்தல் ஆகாது, ஓய்வு வேண்டும்.

இவ்வறிவுரையை ஓர் அரசியல் தொண்டரின் நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். மாலையில் தொடங்கும் கூட்டம் நள்ளிரவில் முடியும். மறுநாள் வேறோர் ஊர். கிடைத்த இடத்தில் கிடைத்த உணவு. ஒலிபெருக்கி ஒழுங்காய் அமையாத திடலில் உரக்கப் பேச்சு. கைதானால் சிறைக் கூழும் களியும். மருத்துவம் எதனையெல்லாம் விலக்கச் சொன்னதோ அவையே பொதுவாழ்வாக இருந்தன.

நாடு விடுதலை பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சிறை சென்று உடல்நலம் இழந்த ஒருவர், தம் கடன் முடிந்தது என்று ஒதுங்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். எழுத்துப் பணி ஒன்றே அவருக்குப் போதுமான புகழைத் தந்திருக்கும். வ.உ.சிதம்பரனாரின் வரலாற்றைக் கப்பலோட்டிய தமிழன் என்னும் பெயரில் எழுதி அவரை மக்கள் நெஞ்சில் நிறுத்தியவர் அவர். கட்டபொம்மன் வரலாற்றைத் துலக்கியவரும் அவரே. மேசையின் முன் அமர்ந்து செய்யும் பணிக்கு அந்த வயிறு ஒருவாறு இடம்கொடுத்திருக்கும்.

அவர் ஒதுங்கவில்லை. 1946ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார். மொழிவழி மாநிலம் அமையும்போது தமிழ்நாட்டின் எல்லை எதுவரை என்னும் கேள்வி அதன் முதற்பணியாயிற்று. சிறையில் ஆழ்ந்து பயின்ற சிலப்பதிகாரமும், தொல்காப்பியப் பாயிரம் வடவேங்கடம் தென்குமரி என வகுத்த தமிழ்நிலமும் அவருக்கு வெறும் இலக்கியச் செய்திகளாக இல்லை. நிலப்படத்தில் கோடு கிழிக்க உதவும் சான்றுகளாயின. தம் மகளிர்க்குக் கண்ணகி, மாதவி எனப் பெயரிட்ட அளவுக்குச் சிலம்பு அவர் வாழ்வோடு கலந்திருந்தது. சிலம்புச் செல்வர் என்னும் பட்டத்தை அவருக்கு அளித்தவர் சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளை.

ஆனால் பணியைத் தொடர்வது என்று முடிவு செய்தவர், உடல் இல்லாததுபோல் நடந்துகொள்ளவில்லை. இங்கேதான் அவருடைய வாழ்க்கை கூர்ந்து நோக்கத்தக்கது. விருந்தும் சுவையும் அவர் வாழ்விலிருந்து விலகின. தயிர்ச்சோறே அவருடைய உணவாயிற்று. எந்த ஊருக்குச் சென்றாலும், எவர் வீட்டில் இலை விரித்தாலும், அவர் இலையில் அதுவே விழுந்தது. ஒரு நாளைக்கு, ஒரு மாதத்திற்கு என்றால் அது பத்தியம். அவருக்கோ அரை நூற்றாண்டு வழக்கம். விருந்தோம்பலைப் பெருமையாகக் கருதும் நாட்டில், ஊர் ஊராகச் செல்லும் தலைவர் ஒருவர் பரிமாறியதை எல்லாம் மறுத்துத் தயிர்ச்சோறு கேட்பது எளிய செயலன்று. வலியை வெல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டு, அதனோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மீந்த வலிமையைப் பணிக்குச் செலவிட்டார். அவர் மேற்கொண்ட வழியை வீரம் என்பதைவிடச் சிக்கனம் என்பது பொருந்தும்.

நாடு விடுதலை பெற்றதற்கு மறுநாள், 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், ஊரெல்லாம் கொண்டாட்டத்தில் திளைத்திருந்தபோது, அவர் தொண்டர்களை அழைத்துக்கொண்டு திருப்பதிக்குச் சென்றார். வேங்கடம் வரை தமிழ்நிலம் என்னும் கோரிக்கையை அம்மலையின் அடிவாரத்திலேயே எதிர்ப்புக்கிடையே எடுத்துரைத்தார். வடவெல்லைக் கிளர்ச்சியின் வெளிப்படையான தொடக்கம் அது.

இவ்விடத்தில் எல்லைச் சிக்கலின் வேரைச் சற்றே காண்பது நலம். திருத்தணியும் அதனைச் சூழ்ந்த பகுதியும் முன்பு வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1911இல் ஆங்கில அரசு நிருவாக வசதி கருதிச் சித்தூர் மாவட்டத்தைப் புதிதாக அமைத்தபோது, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய வட்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஒரே மாநிலமாக இருந்தவரை இதனால் இடர் எதுவும் இல்லை. மொழிவழி மாநிலம் என்ற பேச்சு எழுந்ததும், மாவட்டக் கோடு மாநிலக் கோடாக மாறும் நிலை வந்தது. அப்பகுதியில் தமிழ்ப் பள்ளிகள் குறைந்து வருவதைக் கண்டு, அதற்கு முன்பே சிற்றூர்கள்தோறும் சென்று தமிழ் கற்பித்து வந்தவர் ஆசிரியர் மங்கலங்கிழார். திருத்தணியில் வழக்கறிஞர் கே.விநாயகம் மக்களைத் திரட்டினார். இவர்கள் ஊன்றிய வித்து இல்லாமல் சென்னையிலிருந்து வந்த எந்தத் தலைவராலும் அங்கே கிளர்ச்சியை வளர்த்திருக்க முடியாது.

ஆந்திர மாநிலம் வேண்டும் என்று சென்னை மயிலாப்பூரில் உண்ணாநோன்பு மேற்கொண்ட பொட்டி சிறீராமுலு, 58 நாள்கள் நோன்பிருந்து 1952ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் உயிர் துறந்தார். கொள்கையில் எதிரெதிர் நின்றோர் என்றாலும், உடலையே போர்க்கருவியாக்கிய அவருடைய உறுதியைத் தமிழரும் மறுக்க இயலாது. சில நாள்களிலேயே ஆந்திர மாநிலம் அமையும் என்று நடுவணரசு அறிவித்தது. சென்னை யாருக்கு என்னும் கேள்வி கொதித்து எழுந்தது. சென்னை மாநகராட்சியின் உறுப்பினராகவும் இருந்த ம.பொ.சி., மாநகரத் தந்தை செங்கல்வராயனோடு சேர்ந்து தலைநகர் காக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 1953ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு நாடாளுமன்றத்தில் செய்த அறிவிப்பால், ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்பது உறுதியாயிற்று. சென்னை காக்கப்பட்டது. ஆனால் சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணி உள்பட, ஆந்திரத்திற்கு என்றாயிற்று.

இப்போது முன்னர்க் கண்ட கேள்வி, முன்னினும் கடுமையாக அவர்முன் நின்றது. எல்லையை மீட்கத் தடையை மீறவேண்டும். தடையை மீறினால் சிறை. சிறைதான் அவருக்கு நோயைத் தந்த இடம். தயிர்ச்சோற்று ஒழுங்கினால் பத்தாண்டுகளாகக் கட்டுக்குள் வைத்திருந்த வலியை மீண்டும் அவிழ்த்துவிடக்கூடிய இடமும் அதுவே. நலிந்த உடலோடு களத்தில் இறங்கித் தாம் வீழ்ந்துவிட்டால் கிளர்ச்சியே தளர்ந்துபோகலாம். இறங்காமல் தொண்டர்களை மட்டும் அனுப்பினால், தாம் பொறுக்காத துன்பத்தைப் பிறரைப் பொறுக்கச் செய்தவர் ஆவார். இவ்விரண்டில் எதனையும் குற்றமற்ற வழி என்று சொல்லிவிட முடியாது.

1953ஆம் ஆண்டிலேயே அவர் திருத்தணியில் தடையை மீறிக் கைதானார், சிறை சென்றார். திருத்தணி, புத்தூர், சித்தூர் எனக் கிளர்ச்சி பரவியது. தொடர்வண்டி மறியலும் கடையடைப்பும் பொதுக்கூட்டமும் மாறி மாறி நிகழ்ந்தன. தமிழரசுக் கழகத் தொண்டர்கள் பலர் சிறைப்பட்டனர். அவர்களுள் இருவர் சிறையிலேயே உயிர் துறந்தனர். நோயுற்ற தலைவர் திரும்பி வந்தார். அத்தொண்டர் இருவரும் திரும்பவில்லை. வடவெல்லைப் போரைப் பேசும்போது தலைவரின் வலியை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

ஆந்திர மாநிலம் 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் அமைந்தது. திருத்தணி கைவிட்டுப் போயிற்று. கிளர்ச்சிகள் பலவும் இந்தக் கட்டத்தில்தான் ஓய்ந்துபோகும். முடிந்த செயலை மீண்டும் தொடங்க மக்களுக்கு ஊக்கம் இராது. தலைவர்க்கு உடல் இராது. ம.பொ.சி.யோ கூட்டங்களையும் எழுத்தையும் விடவில்லை. அவருடைய செங்கோல் இதழ் எல்லைச் சிக்கலை இடைவிடாது எழுதியது. ஒவ்வோர் ஊரிலும் எத்தனை பேர் எம்மொழி பேசுகின்றனர் என்னும் மக்கள்தொகைக் கணக்கே கிளர்ச்சியின் படைக்கலமாயிற்று. சிலப்பதிகார விழாக்கள் ஒருபுறம், எல்லை மாநாடுகள் மறுபுறம் என ஆண்டுகள் நகர்ந்தன.

காயத்தோடு பயிற்சியைத் தொடர்வதா, ஓய்வெடுப்பதா என்பது விளையாட்டு வீரர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் கேள்வி. செக் நாட்டு நெடுந்தொலைவு ஓட்டவீரர் எமில் சாட்டோபெக் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றவர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் பயிற்சி செய்கையில் குடலிறக்கத்திற்கு ஆளாகி அறுவை மருத்துவம் செய்துகொண்டார். முழுதும் தேறாத உடலோடு மாரத்தான் ஓடி ஆறாவதாக வந்தார். விளையாட்டில் ஒரு போட்டி தவறினாலும் அடுத்தது உண்டு. ஆகையால் வலிக்கும் காலுக்கு ஓய்வு தருவதே பெரும்பாலும் அறிவுடைமை. அதே 1956இல் மாநிலச் சீரமைப்பு நடைபெற்றுக்கொண்டிருந்தது. அக்கோடுகள் ஒருமுறை இறுகிவிட்டால் எளிதில் அழியா. ம.பொ.சி. தம் உடலை வருத்திய முடிவை எடைபோடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. எல்லாருக்கும் எப்போதும் பொருந்தும் முடிவாக அதனைக் கொள்ளவும் வேண்டா.

எல்லைத் தகராற்றைத் தீர்க்க எச்.வி.படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவருடைய பரிந்துரைப்படி 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பள்ளிப்பட்டுப் பகுதியும் உடன் வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. திருப்பதியும் காளத்தியும் சித்தூரும் கிடைக்கவில்லை. வேங்கடம் வரை என்று தொடங்கிய கோரிக்கை தணிகையோடு நின்றது. அவ்வெற்றி முழுமையானதன்று, ஆயினும் அதுவும் இல்லையேல், இன்று ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துச் செல்லும் தமிழக அடியார்கள் மாநில எல்லையைக் கடந்தே தணிகை மலையேற வேண்டியிருக்கும்.

அதன்பின் ம.பொ.சி. 35 ஆண்டுகள் வாழ்ந்தார். வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்னும் நூலுக்காக 1966இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். சட்டமன்ற உறுப்பினராகவும் சட்டமேலவைத் தலைவராகவும் பணியாற்றினார். எனது போராட்டம் என்னும் தன்வரலாற்று நூலில் சிறையையும் நோயையும் எல்லையையும் தாமே விரிவாக எழுதினார். 1995ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், தம் 89ஆம் வயதில் காலமானார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவரின் நூல்கள் பல்கலைக்கழகங்களில் ஆராயப்படுகின்றன. தணிகைப் படிகளில் இன்று ஏறி இறங்குவோருள் பெரும்பாலோர், அவ்வூர் ஆறரை ஆண்டுகள் வேறொரு மாநிலத்தில் இருந்ததை அறியார்.